ஆடியில் மிதிக்காமல் தையில் புதுச்சேரி போக முடியாது

சிறுசேரி சிப்காட் வளாகத்தில் வேலை பார்க்கும், வருகிற தை மாதம் நற்பணிக்கு நிதி திரட்ட சைக்கிளில் புதுச்சேரி வரை போவதாகப் பெயர் கொடுத்திருக்கும் அன்பர்களுக்கு,

இப்படி ஒரு பயணம் முடிவானதும் முதலில் பேசப்படுவது ஜெர்சியின் நிறம். அடுத்து குழுவுக்குப் பெயர், பேனரில் எந்த நிறுவனத்தின் சின்னம் எங்கே வரும், படம் பிடிக்க யார் வருவார்கள் என்பதெல்லாம். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது: இத்தனை கிலோமீட்டர் மிதிக்கப் போகிறேன், இந்த மருத்துவமனைக்காக, இந்தப் பள்ளிக்காக, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். பணமும் வரத் தொடங்குகிறது. இவ்வளவும் நடந்து முடிகிற வரை யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக ஒரே நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள்? அதைக் கேட்கத்தான் இந்த மடல். கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்பது அவர்கள் வருத்தம். நல்ல காரியம் என்பதால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு வந்து சேரும் பணம், நீங்கள் மிதிப்பீர்கள் என்ற வாக்கின்மேல் வருகிறது. அந்த வாக்கைக் காப்பாற்றும் உடம்பை அதற்குள் தயார் செய்வதும் நன்கொடையில் ஒரு பங்கு. அந்தப் பங்கை மற்றவர்களால் கொடுக்க முடியாது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சிறுசேரியிலிருந்து கோவளம் போய் ஈசிஆரைப் பிடித்தால் புதுச்சேரி 120 கிலோமீட்டரை ஒட்டி வரும். காரில் எத்தனையோ வாரக்கடைசிகளில் போன சாலை என்பதால் அது உங்களுக்குச் சின்னதாகத் தெரிகிறது. பாலங்களைத் தவிர்த்தால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, பிறகென்ன என்கிறீர்கள். சமதளம் சுலபம் என்பதில் பாதிதான் உண்மை. மலைச் சாலையில் ஏறியவர் இறங்கவும் செய்வார். இறங்கும்போது கால் ஓயும், சீட்டிலிருந்து எழலாம், கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம். தட்டையான சாலையில் அந்தச் சலுகை கிடையாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆறு மணி நேரம் ஏறக்குறைய ஒரே நிலையில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எழுபது சுற்றாவது மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு காலும் இருபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் இறங்கி ஏறுகிறது. சீட்டின் உயரம் ஒரு விரற்கடை பிசகியிருந்தால், அந்தப் பிசகும் அத்தனை தடவை முழங்காலில் இறங்கும். உள்ளங்கை மரத்துப்போவதும் தொடை இடுக்கில் தோல் உரிவதும் கழுத்து பிடித்துக்கொள்வதும் முதல் 30 கிலோமீட்டரில் தெரியாது. மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் தெரியும், அங்கிருந்து புதுச்சேரி இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். போதாததற்கு ஈசிஆரில் மலைக்குப் பதில் காற்று இருக்கிறது. மார்கழி, தையில் அது வடகிழக்கிலிருந்து வீசுவதால் போகும்போது பின்னாலிருந்து தள்ளும். மறுநாள் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். இருவழிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் முதல் நாள் வேகத்தை வைத்து இரண்டாம் நாளுக்குக் கணக்குப் போட வேண்டாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கொடுக்க முடிந்தவர்கள் அப்படியே கொடுக்கலாம், அதில் குறையே இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது உங்கள் பணத்தை மட்டும் இல்லை. பெரியப்பாவின் பணத்தையும், பழைய கல்லூரித் தோழியின் பணத்தையும், பக்கத்து சீட்டுக்காரரின் பணத்தையும் கேட்கிறீர்கள். அவர்கள் கொடுப்பதற்குக் காரணம் நீங்கள் படப்போகும் பாடு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் 1980இல் 36 பேரோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் என்ற சைக்கிள் பயணம் முதல் ஆண்டில் திரட்டியது 10,200 டாலர். இன்று அந்தப் பயணத்தால் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்குச் சேர்ந்த தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அங்கே ஒவ்வொரு சைக்கிள்காரரும் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறார்கள்; சேராவிட்டால் மீதியை அவரே கட்ட வேண்டும். வாக்கு என்றால் அங்கே அதற்கு ஒரு விலை இருக்கிறது. இலங்கையில் 2011இல், போர் முடிந்து இரண்டு ஆண்டே ஆகியிருந்த நேரத்தில், தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீட்டர் தூரத்தை 27 நாளில் ஒரு குழுவினர் நடந்தே கடந்தார்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்ட. வழியில் இருந்த ஊர்க்காரர்கள் உண்டியலில் போட்டது அந்தக் கால்களைப் பார்த்துத்தான். நடந்தவர்கள் பாதி வழியில் வேனில் ஏறியிருந்தால் அந்த உண்டியல் நிறைந்திருக்குமா?

வேன் என்றதும் உங்கள் அடுத்த பதில் தெரிகிறது. முடியாவிட்டால் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்கிறோம், அதற்குத்தானே அந்த வண்டி என்பீர்கள். இந்தப் பேச்சுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. அந்த வண்டி எதிர்பாராமல் வருவதற்காக வைக்கப்பட்டது: விழுந்தவருக்கு, மயங்கியவருக்கு, சக்கரம் கோணிப்போனவருக்கு. பயிற்சி இல்லாததால் 60ஆவது கிலோமீட்டரில் கால் ஓய்ந்துபோவது எதிர்பாராதது ஆகாது, ஆறு மாதம் முன்பே தெரிந்திருந்தது. அப்படி ஆறு பேர் ஏறி, சைக்கிள்களையும் மேலே கட்டிவிட்டால், வெயில் தாக்கி நிஜமாகவே சுருண்டு விழும் ஏழாவது ஆளுக்கு இடம் எங்கே? இன்னொரு வண்டி, இன்னொரு ஓட்டுநர், இன்னொரு ஆம்புலன்ஸ் என்று ஏற்பாடு பெருகும். ஒரு பேச்சுக்கு, ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் திரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி, தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் அதிலிருந்தே போனால் மருத்துவமனைக்கு என்ன மிஞ்சும் என்று உங்கள் குழுவில் இருக்கும் கணக்கு தெரிந்தவரையே கேளுங்கள். அந்தச் செலவை நிறுவனம் ஏற்றாலும் அதுவும் யாருக்கோ போயிருக்கக்கூடிய பணம்தான்.

இன்னொரு வாதமும் வருவதுண்டு. நம் ஊரில் பயிற்சி எடுத்துக்கொண்டா சைக்கிள் ஓட்டுகிறார்கள், வளாகத்து வாட்ச்மேன் ஐயா தினமும் ஓட்டவில்லையா என்று. விடியல் ஐந்தரைக்கு ஓஎம்ஆரில் நின்று பாருங்கள். தையூர், படூர் பக்கமிருந்து பழைய 22 இஞ்ச் வண்டியில், கேரியரில் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு, மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளை ஒட்டி அவர் வருவார். பெடலை எட்டியும் எட்டாமலும் அழுத்தும் நிதானமான மிதி. எதிரே லாரி வந்தால்கூட வேகம் மாறாது. அவரைப் பயிற்சி இல்லாதவர் என்றா சொல்கிறீர்கள்? ஒரு நாள் விடாமல் முப்பது நாற்பது வருடம் எடுத்த பயிற்சி அது. நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கும் உங்கள் முதுகையும் இடுப்பையும் அவருடையதோடு வைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. (அவர் வண்டியில் பின்விளக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் நற்பணிப் பட்டியலில் அதற்கு ஒரு வரி இருந்தால் நல்லது.)

பயிற்சி என்றதும் பந்தயத்தை நினைத்து மிரளவும் வேண்டாம். நெடுந்தூர சைக்கிள் உலகத்தில் வேகத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் குழு நடத்தும் பிரவே என்னும் நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்குத் தரும் நேரம் பதின்மூன்றரை மணி, 300க்கு 20 மணி. டீக்கடையில் நின்ற நேரம், பங்ச்சர் ஒட்டிய நேரம் எல்லாம் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வந்தால் போதும். யார் முதலில் வந்தார் என்று அங்கே பார்ப்பதில்லை. ஆனால் ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, இருட்டில் ஒளிரும் மேல்சட்டை இல்லாமல் கிளம்ப முடியாது. பின்னாலேயே வண்டி வந்து தாங்குவதும் கிடையாது, பங்ச்சரைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரீஸ் என்ற சைக்கிள் பயணம், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் கல்லட்டிப் பாதையை வைத்துக்கொண்டு, நற்பணிக்கும் நிதி சேர்க்கிறது. அதில் விண்ணப்பித்தவர் எல்லாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. அலுவலகத்தில் ஏற்பாடு செய்யும் பயணங்களில்தான் பெயர் கொடுத்தாலே தகுதி வந்துவிடுகிறது.

நேரமில்லை என்பது உண்மையான தடை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்கு மேல் வீடு சேர்கிறவரை நாலரைக்கு எழுந்து ஓட்டச் சொல்வது அறிவுகெட்ட ஆலோசனை. தூக்கமில்லாமல் ஈசிஆரில் இறங்குவது பயிற்சி இல்லாமல் இறங்குவதைவிட ஆபத்து. ஆனால் தேவைப்படும் நேரம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. வார நாட்களில் இரண்டு தடவை முக்கால் மணி நேரம், அலுவலக ஜிம்மில் நிற்கும் சைக்கிளானாலும் சரி. வாரக்கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம். தாம்பரம், வண்டலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் கேளம்பாக்கம் சாலையில் சைக்கிளிலேயே வேலைக்கு வந்து இதைச் சரிக்கட்டலாம் என்று நினைத்தால் ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். எட்டு மணிக்கு அந்தச் சாலை கல்லூரிப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் சொந்தம். நீண்ட ஓட்டத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாமல், நான்காவது வாரம் கொஞ்சம் குறைத்து, மெல்ல ஏற்றினால் போதும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் சீட்டில் அமரும் இடத்துத் தோலும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. காசு கொடுத்து வாங்கும் ஜெல் சீட் அந்த வேலையைச் செய்துவிடாது.

இங்கேதான் நம் ஊரின் காலக்கணக்கு குறுக்கே வருகிறது. தையில் பயணம் என்றால் மூன்று மாதம் முன்னால், அதாவது தீபாவளி முடிந்து தொடங்கலாம் என்று பலர் கணக்கு வைத்திருக்கிறீர்கள். மற்ற ஊருக்கு அது சரி. சென்னைக்கு ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை ஒரு வாரத்தைத் தின்னும், தேங்கிய தண்ணீர் அடுத்த வாரத்தைத் தின்னும். தண்ணீருக்கடியில் இருக்கும் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த இரண்டு மாதத்தில் ஏற்கெனவே சேர்த்த பலத்தை இறங்காமல் காக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. ஆகவே ஆடியில் 30, ஆவணியில் 50, புரட்டாசி முடிவதற்குள் 65 அல்லது 70 கிலோமீட்டர் என்று மழைக்கு முன்பே அடித்தளம் போட்டாக வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் ஜிம்மிலும் கால் ஓயாமல் பார்த்துக்கொண்டால், மார்கழியின் குளிர்ந்த விடியலில் 80, 90 என்று ஏறலாம். பயணத்துக்கு முந்தைய வாரம் குறைத்துவிடுங்கள், அந்த வாரத்தில் கூடுதலாக ஓட்டி ஒன்றும் சம்பாதிக்கப் போவதில்லை. அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் எப்படி ஓட்டுவது என்று தயங்க வேண்டாம். திருப்போரூரிலிருந்து நெம்மேலி போகும் சாலையில், இருபுறமும் தண்ணீரும் வெளியுமாக மறைப்பே இல்லாத இடத்தில், காலைக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கடலை நோக்கிப் போகும்போது சக்கரம் தானாக உருளும், திரும்பும்போது கியரை இரண்டு இறக்கியும் நகராது. தை மாதத்து எதிர்க்காற்றுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இந்தப் பக்கத்தில் இல்லை.

சாப்பாட்டையும் தண்ணீரையும்கூடப் பயிற்சியில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பயணத்தன்று பரிசோதனை செய்யக் கூடாது. கடற்கரைச் சாலையில் தையிலும் ஒன்பது மணிக்கு மேல் வியர்வை உடம்பை விட்டு வழியும், காற்றில் ஈரம் இருப்பதால் உலராது, உலராததால் உடம்பு குளிராது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும். களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வழியெல்லாம் இளநீர் கிடைக்குமே என்பீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ ஓஆர்எஸ் பொட்டலமோ அந்த வேலையை நன்றாகச் செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும், கூட இரண்டு கடலைமிட்டாய் போதும். மாமல்லபுரத்தில் நிறுத்தி நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டவர்களின் பயணம் பெரும்பாலும் அந்த ஓட்டலிலேயே முடிந்துவிடுகிறது.

கடைசியாக, சாலையில் உங்களோடு இருப்பவர்கள். நாற்பது பேர் கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம். குழியைக் கண்டால் குரல் கொடுப்பது, கை காட்டாமல் ஒதுங்காமலிருப்பது, பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமலிருப்பது இதெல்லாம் யூடியூபில் பார்த்தால் வராது. கூட்டத்தில் புதியவர் ஒருவர் நாய்க்குப் பயந்து பிடிக்கும் ஒரு பிரேக்கில் பின்னால் ஐந்து பேர் விழுவார்கள், அதுவும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடத்தில் மணலும் ஜல்லியும் கிடந்தால் கேட்கவே வேண்டாம். களைத்தவர் முதலில் இழப்பது காலின் பலத்தை இல்லை, நேர்க்கோட்டை. தலை தொங்கும், வண்டி அலையும், பின்னால் பார்க்கும் பழக்கம் போகும். அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து கிளம்பிய கார்களும் நூறைத் தாண்டி வருகின்றன. அந்தக் கார்களின் வேகத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பது சரி. கோடு மாறாமல் ஓட்டும் பலத்தோடு அங்கே போய்ச் சேர்வதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இப்படிக் கறாராக இருந்தால் புதியவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்களே, குறிப்பாக இப்போதுதான் மறுபடி சைக்கிள் பழகும் பெண்கள், ஐம்பது வயதைத் தொட்டவர்கள் என்ற கவலை நியாயமானது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது யாரும் அவர்களிடம் தகுதிச் சான்று கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டுதான் சாலைக்கு வந்தார்கள், விடாமல் கற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கேட்பது வயதையோ வேகத்தையோ பார்க்கும் தகுதி இல்லை. ஆடியில் தொடங்கும் யாரும், மெதுவாக ஓட்டினாலும், மார்கழிக்குள் எட்டிவிடக்கூடிய தூரம்தான் நான் கேட்பது. எட்டாதவர்களுக்கும் பயணத்தில் இடம் உண்டு. கல்பாக்கம் பக்கம் மோர்ப் பந்தல் போட ஆள் வேண்டும், பங்ச்சர் பெட்டியோடு மரக்காணத்தில் காத்திருக்க ஆள் வேண்டும், வசூலுக்கு ரசீது எழுத ஆள் வேண்டும். இந்த வேலை செய்கிறவருக்கும் அதே ஜெர்சியைக் கொடுங்கள், அவரும் அதே நன்கொடையைத் திரட்டட்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மார்கழி முடிவதற்குள் ஒரே நாளில் 80 கிலோமீட்டரை இரண்டு தடவையாவது ஓட்டியவர்கள் மட்டுமே தையில் புதுச்சேரிக்குச் சைக்கிளில் கிளம்புவது என்று உங்கள் குழுவுக்குள் இந்த மாதமே முடிவெடுங்கள். மேலாளருக்கும் அதே விதி. மேலாளர் என்பதால் விலக்கு கொடுத்தால் விதி அன்றைக்கே செத்துவிடும். நன்கொடை கேட்டு அனுப்பும் செய்தியில் அந்த விதியையும் எழுதுங்கள், ஒவ்வொரு மாதமும் எத்தனை கிலோமீட்டர் ஏறியிருக்கிறீர்கள் என்பதைக் கொடுத்தவர்களுக்குத் தெரிவியுங்கள். நிறுவனத்திடம் ஜெர்சிக்கு முன்னால் குளிக்க ஒரு அறையும் பூட்டி நிறுத்த ஒரு சைக்கிள் கூடமும் கேளுங்கள். வருகிற ஞாயிறு விடிந்ததும் சிப்காட் வாசலில் கூடித் திருப்போரூர் வரை போய்வாருங்கள். 30 கிலோமீட்டரை ஒட்டி வரும், எட்டு மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிடலாம். காற்றுப் பம்பும் பின்விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இந்தச் சாலைகளில் சைக்கிள் மிதிக்கும் ஒருவர்